கூரை உள்ளவர்களின் மழை

மாரியில் யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓட்டுவது பெரிய கரைச்சல் என்று எல்லோரும் மழையின் தலையில்தான் பழியைப் போடுகிறார்கள். எனக்கு மழையோடு ஒரு கோபமும் இல்லை. ஐப்பசியில் வரும், கார்த்திகையில் கொட்டும், மார்கழியில் ஏதாவது ஒரு தாழமுக்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்து ஊரை வீட்டுக்குள் இருத்தும். சொல்லிவிட்டு வருகிற ஆள் அது. வைப்பர் ரப்பர் நல்லதாக இருந்து, ரயர் மொட்டையாகாமல் இருந்து, கொஞ்சம் வேளைக்கு வெளிக்கிட்டால் எந்த மழைக்குள்ளாலும் போய்ச் சேரலாம். எனக்குப் பிரச்சினை, அந்த மழைக்குள் எனக்கு முன்னாலும் பின்னாலும் எதிரேயும் ஓடுகிறவர்கள்.

வீடு நல்லூர்ப் பக்கம், வேலை பருத்தித்துறையில். கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் என்று வெயில் காலத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம். மாரி பிறந்தால் அதே ரோட்டில் எல்லோருக்கும் நடு ரோட்டு வேண்டும். காரணம் இருக்கிறது. தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காக வீதியின் நடுவைச் சற்று உயர்த்தி, இரண்டு கரையையும் சரித்துத்தான் போடுவார்கள். வடிகிற தண்ணீருக்கு வாய்க்கால் வேண்டுமே. வாய்க்காலுக்கு மேல் கடைக்காரர் கொங்கிறீற் போட்டு மோட்டார் சைக்கிள் விட இடம் செய்திருப்பார். மிச்சத்தை மண்ணும் பொலித்தீனும் நிரப்பியிருக்கும். ஆகவே கரை முழுக்க வெள்ளம் நிற்கும். அந்த வெள்ளத்துக்குள் சில்லை விட ஒருவருக்கும் விருப்பமில்லை. வடக்கே போகிறவரும் நடுவால் போவார், தெற்கே வருகிறவரும் நடுவால் வருவார். இருவரும் சந்திக்கிற இடத்தில் யார் ஒதுங்குவது என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை, வாகனத்தின் பருமன் தீர்மானிக்கிறது.

குடாநாடு தட்டை நிலம். ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரிக்கு மட்டும் ஓடும். விழுகிற மழை குளத்துக்கும் கேணிக்கும் தரவை என்கிற புல்வெளித் தாழ்நிலத்துக்கும் போய் மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறங்க வேண்டும். எத்தனையோ குளத்தையும் குட்டையையும் தூர்த்து வீடும் கடையும் கட்டிவிட்டோம். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோதும், 2020 டிசம்பரில் புரெவி வந்தபோதும் அந்தத் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்து காட்டியது. போர் முடிந்த பிறகு பிரதான வீதிகளை அகட்டி, உயர்த்தி, காபெற் என்கிற வழுவழுப்பான தார்த் தளம் போட்டார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் குண்டும் குழியும் இருந்த காலத்தில் முப்பதில் போனவர்கள் எல்லாம் காபெற்றைக் கண்டதும் எண்பதுக்கு ஏறிவிட்டார்கள். மழை வந்தால் இறங்கலாம் என்பது மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஆவரங்கால் தாண்டினால் வல்லை வெளி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வீடு இல்லை, மதில் இல்லை, ஒதுங்க ஒரு மரம்கூட ஒழுங்காக இல்லாத வெட்டவெளி. தொண்டைமானாறு நீரேரியைக் கடந்து வடமராட்சிக்குள் போகிற பாதை. நல்ல நாளிலேயே காற்று சைக்கிள்காரரை ஒரு பக்கமாகத் தள்ளும். கார்த்திகையில் மழை அங்கே மேலேயிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வந்து அறையும். தரவையில் நிற்கும் வெள்ளமும் ரோட்டில் ஓடுகிற வெள்ளமும் ஒரே நிறமாகிவிட்டால், ரோட்டின் கரை எங்கே முடிகிறது என்று தெரியாது. அங்கே நாற்பதில் போவதே துணிச்சல் என்பது என் அபிப்பிராயம்.

போன மாரியில் ஒரு பின்னேரம் அப்படி நாற்பதில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உரப்பையை வெட்டித் தோளில் போட்டிருந்தார். பின்னால் மனைவி, இருவருக்கும் நடுவே பொலித்தீனால் சுற்றிய ஒரு பிள்ளை, பள்ளிக்கூடச் சப்பாத்து மட்டும் வெளியே தெரிந்தது. ஹெல்மெற்றின் கண்ணாடியை மேலே தூக்கி விட்டிருந்தார். கண்ணாடியை இறக்கினால் தண்ணீரும் மூச்சுப் புகையும் சேர்ந்து ஒன்றும் தெரியாது, தூக்கினால் மழை நேரே கண்ணுக்குள் அடிக்கும். மோட்டார் சைக்கிள் ஓடியவர்களுக்கு அது தெரியும்.

என் பின்னால் ஒரு டிப்பர். கண்ணாடி முழுக்க அதன் முகம்தான். ஹோர்ன் அடிக்கிறான், லைற்றை அடிக்கிறான், மறுபடியும் ஹோர்ன். நான் எங்கே போவது? முன்னால் அந்தக் குடும்பம், இடப்பக்கம் வெள்ளம், வலப்பக்கம் எதிரே வருகிற வாகனங்கள். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எதிரே ஒரு ஓட்டோ வந்துகொண்டிருக்கும்போதே வெளியே எடுத்து, என்னையும் தாண்டி மோட்டார் சைக்கிளையும் தாண்டினான். ஓட்டோ கரைக்கு இறங்கிவிட்டது. டிப்பரின் பின் சில்லுகள் ஒரு வாய்க்கால் தண்ணீரை அப்படியே அள்ளி அந்த மூன்று பேரின் மேலும் ஊற்றின. ஊற்றின என்றால் சாறல் இல்லை, வாளியால் ஊற்றுகிற மாதிரி. அந்த மனிதர் ஒரு கையை ஹாண்டிலிலிருந்து எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அந்த ஒரு கணம் மோட்டார் சைக்கிள் ஆடியது. மனைவியின் கை பிள்ளையின் மேலால் வந்து அவருடைய இடுப்பைப் பிடித்தது. விழவில்லை. நெல்லியடிச் சந்தியில் நான் போய் நின்றபோது, எனக்கு இரண்டு வாகனம் முன்னால் அந்த டிப்பரும் நின்றது.

அந்தச் சாரதி கெட்ட மனுஷன் என்று நான் சொல்லவரவில்லை. வீட்டில் பிள்ளைகளோடு நல்லாக இருப்பவராகக்கூட இருக்கலாம். அவருக்கு மேலே கூரை இருக்கிறது, அவ்வளவுதான். காலுக்குக் கீழே ஆறு சில்லு, முன்னால் பெரிய வைப்பர், ஆளைத் தூக்கி வைத்த மாதிரி உயரமான இருக்கை. அவருக்கு அது சின்ன மழை. மழையை ஒவ்வொருவரும் தங்கள் வாகனத்துக்குள் இருந்துதான் அளக்கிறார்கள். கூரை உள்ளவர் தன்னுடைய நேரத்தை மிச்சம் பிடிக்க, அதற்கான செலவு கூரை இல்லாதவர் தலையில் விழுகிறது. குடாநாட்டு வீதிகளில் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான் அதிகம். என்றாலும் மழைக்குள் வேகத்தை நிர்ணயிப்பது பஸ்ஸும் டிப்பரும் ஹயஸ் வானும்.

அதிலும் பஸ் ஒரு தனி ரகம். முன்னால் போகிற பஸ்ஸுக்கும் பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் நடுவில் ஆட்களை யார் ஏற்றுவது என்ற போட்டி வெயிலுக்கும் உண்டு, மழைக்கும் உண்டு. மழை பெய்தால் தரிப்பிடத்தில் ஆட்கள் கடைத் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கி நிற்பார்கள், பஸ் அவர்களைக் கண்டபின் பிறேக் போடும். அந்தப் பிறேக் எப்போது வரும் என்று பஸ்ஸின் கொண்டக்டருக்கே தெரியாது, பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது லைற். இதில் மூன்று சாதி. முதலாவது, நாலு சிக்னலையும் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள். கொஞ்சம் மழை இறுகினால் போதும், காருக்கு நாலு பக்கமும் மினுங்கும். நிற்கிற வாகனத்துக்கு உரியது அது. ஓடும்போது போட்டால், அவர் நிற்கிறாரா ஓடுகிறாரா என்று பின்னால் வருகிறவர் குழம்ப வேண்டும். அதைவிட மோசம், அவர் திரும்பப் போகும்போது சிக்னல் தெரியாது, நாலும் ஏற்கெனவே மினுங்கிக்கொண்டுதானே இருக்கிறது. கோப்பாய்ச் சந்தியில் இப்படி ஒருவர் நாலையும் போட்டபடி வலப்பக்கம் திரும்பினார். எதிரே வந்த பையன் ஸ்கூட்டியோடு சறுக்கிப் போய் நின்றான். இவர் கண்ணாடியை இறக்கி, ‘தம்பி, சிக்னல் போட்டனான்தானே’ என்றார். போட்டவர்தான், இல்லை என்று யார் சொன்னது?

இரண்டாவது சாதி, ஹெட்லைற்றை உயர்த்தியே வைத்திருப்பவர்கள். டிம் பண்ணுகிற பழக்கமே இல்லை. மழைத் துளியும் மூடுபனியும் வெளிச்சத்தைத் திருப்பி அவர்களுடைய கண்ணுக்கே அடிக்கும், ஆகவே அவர்களுக்கும் அதால் பயனில்லை. எதிரே வருகிறவருக்கோ நனைந்த ரோட்டு ஒரே வெள்ளைத் தகடாகிவிடும். இப்போது எல்ஈடி லைற்றை வாங்கி மோட்டார் சைக்கிளுக்கும் பஸ்ஸின் நெற்றிக்கும் பூட்டுகிறார்கள். கோயில் திருவிழாவுக்குப் பூட்டுகிறதில் பாதி.

மூன்றாவது சாதி, லைற்றே இல்லாதவர்கள். பின் லைற் உடைந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், வைக்கோலோ விறகோ ஏற்றிய பெட்டி, டைனமோ கழற்றிய சைக்கிள், மழைக்கால இருட்டில் ரோட்டில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு. மாட்டை மன்னிக்கலாம்.

பின்னால் முட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் கணக்காகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. அறுபது கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர். முன்னால் போகிற வாகனத்தின் பிறேக் லைற் எரிவதைக் கண்டு, மூளை சொல்லி, கால் போய் அமத்த ஒரு செக்கனாவது போகும். அதற்குப் பிறகுதான் வாகனம் வேகம் குறையவே தொடங்கும். காய்ந்த ரோட்டில் இரண்டு செக்கன் இடைவெளி என்பார்கள், அதாவது 33 மீற்றர். ஈர ரோட்டில் அதை இரட்டிப்பாக்கச் சொல்லுவார்கள், அப்போது 66 மீற்றருக்கு மேல். எங்கள் ரோட்டில் 66 மீற்றரை விட்டால் அதற்குள் நாலு ஓட்டோவும் ஒரு பட்டா லொறியும் நுழைந்துவிடும் என்பது உண்மை. நுழையட்டுமே. அவர்களுக்குப் பின்னால் மறுபடி இடைவெளியை விட்டுக்கொண்டு போனால் எவ்வளவு நேரம்தான் பிந்திவிடப் போகிறது?

ரயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் தண்ணீர் ஒரு படலமாக நின்றுவிட்டால் வாகனம் ரோட்டில் ஓடுவதில்லை, தண்ணீரில் மிதக்கிறது. ஸ்ரியறிங் திடீரென்று லேசாகிவிடும். பிறேக் அமத்தினாலும் பிரயோசனமில்லை. அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குத்தான் ரயரில் வெட்டுகள் இருக்கின்றன. பல நாடுகளில் அந்த வெட்டு 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்று சட்டம். எங்கள் சந்திகளில் நிற்கிற வாகனங்களின் ரயரைக் குனிந்து பாருங்கள். சிலதில் முகம் பார்க்கலாம். பல மாதக் காய்ச்சலுக்குப் பிறகு வருகிற முதல் மழை இன்னும் ஆபத்து. ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு சேர்ந்து சவர்க்காரமாகிவிடும். அன்றைக்கென்று எல்லோருக்கும் மழை வந்த சந்தோஷத்தில் வேகமும் கூடும்.

கூரை இல்லாதவர்களும் சும்மா இல்லை. ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டி ஓடுகிறவர்கள், மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுப் பக்கமே பாராமல் ஒழுங்கையிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிறவர்கள், வெள்ளத்தைக் கண்டதும் சடாரென்று என் பக்கம் வெட்டுகிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். பேச்சு வாங்குகிறார்கள், வாங்கட்டும். ஆனால் அவர்களுடைய பிழையின் விலையை அவர்களே கொடுக்கிறார்கள் என்பதால் எனக்குப் பாதிக் கோபம்தான் வருகிறது.

ஏன் இப்படி என்று யோசித்தால் எனக்கு ஒரு காரணம் தோன்றும். தொண்ணூறுகளில் போரால் இங்கே பெற்றோல் இல்லை என்றே சொல்லலாம். பழைய ஒஸ்ரின் ஏ40 காரும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோலை வார்த்து, புகையைக் கக்கிக்கொண்டு, ஆட்டத்தோடு போகும். மிச்சம் எல்லாம் சைக்கிள். ஒரு தலைமுறை, வாகன நெரிசல் என்ற ஒன்றையே காணாமல் வளர்ந்தது. பிறகு 2002இல் தெற்கோடு எங்களை இணைக்கிற ஏ9 வீதி திறந்தது, 2006இல் மூடியது, போர் முடிந்து மறுபடி திறந்தது. லீசிங்கில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. வாகனம் வந்த வேகத்தில் வழிவிடுகிற பழக்கம் வரவில்லை. இது என்னுடைய ஊகம். கொழும்பிலும் மழைக்குள் இதே கூத்துத்தானே என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கனடாவில் இருக்கும் மச்சானிடம் ஒருமுறை இதைச் சொல்லிக் குறைப்பட்டேன். அங்கேயெல்லாம் ஒழுங்காக ஓடுவார்கள் என்று சொல்லி என்னை மட்டம் தட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஸ்காபரோவில் இருந்து தினமும் 401 நெடுஞ்சாலையால் வேலைக்குப் போகிறவன். ‘நீ வேறை, ஸ்னோ கொட்டேக்கை இஞ்சை வந்து பார்’ என்று தொடங்கினான், அரை மணித்தியாலம் நிறுத்தவில்லை.

ஒவ்வொரு வருடமும் முதல் ஸ்னோ விழுகிற அன்று எல்லோரும் ஓடவே மறந்தவர்கள் மாதிரி முட்டுவார்களாம். அதிலும் பெரிய எஸ்யூவிக்காரர்கள். நாலு சில்லும் இழுக்கிற வாகனம் என்ற திமிரில் பறந்து போவார்கள். நாலு சில்லும் இழுப்பது கிளம்புவதற்கும் ஏறுவதற்கும்தான் உதவும். நிறுத்துவதற்கு உதவாது, ஏனென்றால் எந்தக் காருக்கும் நாலு சில்லிலும் பிறேக் இருக்கிறது. பனியில் நிற்கப் பிடிக்கிற தூரம் காய்ந்த ரோட்டைப்போலப் பத்து மடங்குவரை போகலாம். பாலங்களுக்கு மேல் முதலில் உறையும், கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படலம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, போட்டால் காப்புறுதியில் கழிவு உண்டு, அதற்கும் 2016இலிருந்து சட்டம் இருக்கிறது. ரயர் மாற்றாதவர்கள் வழுக்கிக்கொண்டு வந்து, மாற்றியவனுடைய காரில் முட்டுவார்கள் என்பது அவனுடைய ஆத்திரம். பனி தள்ளுகிற வாகனத்தைக்கூட ஓவர்ரேக் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்களாம். அது தள்ளிச் சுத்தமாக்கிய பாதையை விட்டு, தள்ளாத பாதைக்குள் பாய்வதில் என்ன லாபம் என்று அவனுக்கும் விளங்கவில்லை.

அவன் சொன்னதில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. காலையில் வெளிக்கிடும்போது சிலர் முன் கண்ணாடியில் ஒரு துண்டை மட்டும் சுரண்டிவிட்டு, கூரையில் கிடக்கிற பனியை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் அது பலகை பலகையாகக் கிளம்பிப் பறந்து பின்னால் வருகிறவனுடைய கண்ணாடியில் விழும். முன்னால் போகிறவனுக்குத் தெரியவே தெரியாது. கூரையைத் துடைக்க அவனுக்கு ஐந்து நிமிடம் பஞ்சி. கேட்டதும் எனக்கு வல்லை வெளி டிப்பர்தான் நினைவுக்கு வந்தது. ஊர் மாறினாலும், வானத்திலிருந்து விழுவது மாறினாலும், கூரைக்காரர் ஒருவர்தான் போலிருக்கிறது.

டிசம்பரில் அந்த மச்சான்மாரெல்லாம் ஊருக்கு வருகிறார்கள். கட்டுநாயக்கவில் இரவு இறங்கி, ஹயஸ் பிடித்து, விடியுமுன் யாழ்ப்பாணம் வந்துவிட வேண்டும். கொழும்பிலிருந்து நானூறு கிலோமீற்றர் அளவில் ஓட்டம். மாரி உச்சத்தில் இருக்கிற மாதம். அந்தச் சாரதி பகல் முழுக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி, விமான நிலையத்தில் வாகனத்துக்குள் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, அப்படியே திரும்புகிறவர். முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டு ஏறுவார். பிள்ளையாரிடம் பொறுப்பைக் கொடுத்தாயிற்று என்று அங்கிருந்து அக்சிலேற்றரை அமத்துவார். கிளிநொச்சி தாண்டி ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே ரோட்டு. மழை விட்டு, தை மாதத்து மூடுபனி தொடங்கினாலும் அதே வேகம்தான்.

மச்சான் போன முறை வந்தபோது, பின் இருக்கையில் மாமி பயந்துபோய், ‘தம்பி, மெல்லமா போங்கோவன், எங்களுக்கு அவசரமில்லை’ என்றாராம். சாரதி சிரித்துவிட்டு, ‘பயப்பிடாதேங்கோ அம்மா, இந்த ரோட்டிலை நான் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவன்’ என்று சொன்னார். அதற்குப் பிறகு பளை வரைக்கும் மாமி அவருடைய கண்ணையே கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஹயஸ் வானுக்குச் சொல்லும்போதே, இரவு அனுராதபுரத்திலோ வவுனியாவிலோ இரண்டு மணித்தியாலம் நின்றுதான் போக வேண்டும், அதற்கும் காசு தருகிறோம் என்று பேசிவிடுங்கள். மழைக்குள் எழுபதுக்கு மேல் வேண்டாம் என்பதையும் ஏறமுன்னரே சொல்லுங்கள். ஓடும்போது சொன்னால் அவருக்கு ரோசம் வரும். அவர் ரயரைக் குனிந்து பார்க்கவும் வெட்கப்படாதீர்கள், காசு கொடுப்பது நீங்கள்தானே.

மாமி இந்த முறை வானே வேண்டாம் என்று நிற்கிறாராம், ரயிலில்தான் வருவாராம். யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் இருந்து கோண்டாவில் வீட்டுக்கு ஏற்றிப்போகிற வேலை எனக்கு. மழையாக இருந்தால் நேரம் செல்லும், பின்னால் யார் ஹோர்ன் அடித்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.